எட்டுப் பேருக்கு ஒரே மேசை: கப்பலில் இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு?

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூரில் கப்பலேறுகிறோம். நான்கு இரவுகள், பினாங்கு, பூக்கெட் போய்த் திரும்புகிறது. மொத்தம் எட்டுப் பேர், மூன்று அறைகள். ஓர் அறையில் 74 வயது அப்பாவும் அம்மாவும். இன்னோர் அறையில் நான், மனைவி, 13 வயது மகள், 6 வயது மகன். மூன்றாவதில் தங்கையும் மச்சானும். இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தேர்வுகள் கொடுத்திருக்கிறார்கள்: தினமும் 5.30, தினமும் 8.00, அல்லது விரும்பிய நேரம். பயண முகவர், ‘விரும்பிய நேரத்தையே எடுங்கள், சுதந்திரமாக இருக்கும்’ என்கிறார். மச்சானோ, ‘நேரத்தைக் கட்டிப்போடாவிட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்’ என்கிறார். அப்பாவுக்கு இனிப்புநீர், வீட்டில் 7.30-க்கு இன்சுலின் போட்டு 8 மணிக்குச் சாப்பிடுவார். அம்மா சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. எதை எடுப்பது?
– செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்:

மச்சான் சொல்வதைக் கேளுங்கள். தினமும் 8.00 மணியை எடுங்கள். அது கிடைக்காமல் போனால், எட்டுப் பேருக்கும் நான்கு இரவுக்கும் 7 மணிக்கு முன்பதிவு உறுதியாகக் கிடைக்கும் என்றால் மட்டும் விரும்பிய நேரத்துக்குப் போங்கள். 5.30 கடைசிப் புகலிடம்.

முகவர் சொன்ன சுதந்திரம் இரண்டு பேருக்கு உண்மை. எட்டுப் பேருக்கு அது வாசலில் நிற்கும் சுதந்திரம். சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகள் பெரும்பாலும் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்துப் பேருக்கானவை. விரும்பிய நேரப் பகுதியில் சிறிய மேசைகளே அதிகம். எட்டுப் பேர் மேசைகள் கொஞ்சம்தான். ஒரு தம்பதி எழுந்து போனால் அடுத்த தம்பதியைப் பத்து நிமிடத்தில் உட்கார வைத்துவிடலாம். எட்டுப் பேர் மேசை காலியாக வேண்டுமென்றால் அதில் இருக்கும் எட்டுப் பேரும் இனிப்பு சாப்பிட்டு, காப்பி குடித்து, படம் எடுத்து முடிக்க வேண்டும். 6.30-லிருந்து 7.30 வரைதான் எல்லாரும் வருவார்கள். அந்த நேரத்தில் முன்பதிவு இல்லாமல் போனால், ‘நான்கு நான்காகப் பிரித்து உட்கார வைக்கட்டுமா?’ என்றுதான் கேட்பார்கள். முன்பதிவு இருந்தாலும் முன்னால் உட்கார்ந்தவர்கள் எழும்பும் வரை நிற்க வேண்டியிருக்கலாம். நேரம் கட்டிய முறையில் இந்தத் தொல்லை இல்லை. மேசை எண் நான்கு இரவும் உங்களுடையது. எட்டுப் பேர் என்பதால் மேசை நிரம்பிவிடுகிறது. முன்பின் தெரியாதவர்களை உங்களோடு சேர்த்து உட்கார வைக்கவும் இடமிருக்காது.

இது நடக்க ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நம் குடும்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மூன்று அறை என்றால் வழக்கமாக மூன்று பதிவு எண்கள். ஒரே குடும்பப் பெயர் இருந்தால் பார்க்கிறவருக்கு உறவு புரியும். நம் கடப்பிதழ்களில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு அவரவர் அப்பா பெயர்தான் இருக்கிறது. உங்கள் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயர், மகனுக்கு உங்கள் பெயர், மச்சானுக்கு அவருடைய அப்பா பெயர். கப்பல் கம்பெனியின் கணினிக்கு நீங்கள் மூன்று தனித்தனிக் கூட்டம். ஓர் அறைக்கு 8 மணியும் இன்னோர் அறைக்கு விரும்பிய நேரமும் விழுந்துவிட்டால், இரண்டும் வெவ்வேறு பகுதிகள், சில கப்பல்களில் வெவ்வேறு தளங்கள். அங்கே போய் நின்று சேர்த்து வைப்பது பெரும்பாடு. அதனால் முகவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: மூன்று பதிவு எண்களையும் சாப்பாட்டுக்காக ஒன்றோடொன்று இணைக்க வேண்டும், மூன்றிலும் ஒரே நேரம் இருக்க வேண்டும். ‘செய்துவிட்டேன்’ என்ற வாய்ச்சொல் போதாது. உறுதிச்சீட்டு மூன்றையும் வாங்கி நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

5.30-ஐ ஏன் ஒதுக்குகிறோம்? வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் குடும்பத்துக்கு அதைத்தான் பலரும் சொல்வார்கள். மேலைநாட்டுக் குடும்பங்களுக்கு அது பொருந்தும். நமக்கோ மாலை 5.30 என்பது தேத்தண்ணி குடித்து வடை தின்கிற நேரம். 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதனால் இந்தப் பக்கத்தில் பொழுது சாய்வதே ஏறக்குறைய 7 மணிக்குத்தான். 5.30-க்கு மண்டபத்துக்குப் போனால் ஜன்னலில் வெயில் கண்ணைக் கூசும், வயிற்றில் பசி இருக்காது. முதல் நாளை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை கோலாலம்பூரில் பஸ் ஏறி, சோதனையெல்லாம் முடித்து, இரண்டு மணிவாக்கில் கப்பலுக்குள் நுழைந்து, முதல் வேலையாக பஃபேயில் தட்டை நிறைத்துக்கொள்வீர்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி மூன்று சுற்றுச் சாப்பாடா? அதோடு 5.30-க்குச் சாப்பிட்டவருக்கு 10 மணிக்குப் பசிக்கும். அப்பாவைப் பொறுத்தவரை அது வெறும் பசியோடு போகாது.

இன்சுலினுக்கு வருவோம். 8 மணியை நாங்கள் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான். அவர் உடம்பு 8 மணிச் சாப்பாட்டுக்குப் பழகியிருக்கிறது; அந்த நேரத்தை மாற்றாமல் இருந்தால் மருந்து நேரத்தையும் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டில் 8 மணி என்றால் 8 மணிக்குச் சோறு தட்டில் இருக்கும். கப்பலில் 8 மணி என்பது கதவு திறக்கிற நேரம். உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்து, எட்டுப் பேரும் சொல்லி முடித்து, முதல் சுற்று வர 8.20, 8.30 ஆகும். முதல் இரவு எல்லாருக்கும் எல்லாம் புதிது என்பதால் இன்னும் தாமதம். முக்கியமான சாப்பாடு வர 9 மணியை நெருங்கலாம். அறையில் 7.30-க்கு ஊசி போட்டுவிட்டு மின்தூக்கிக்குக் காத்திருந்து மண்டபத்துக்கு வந்தால், மருந்துக்கும் முதல் கவளத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஓடிவிடும். சர்க்கரை சட்டென்று இறங்க அது போதும்.

எனவே புறப்படுவதற்கு முன் கிளினிக்கில் டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்: ‘8.20-க்குத்தான் வாயில் சாப்பாடு படும், ஊசி எப்போது போடலாம்?’ இன்சுலினில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடும் வகையும் உண்டு, சாப்பிட உட்காரும்போதே போடும் வகையும் உண்டு. அப்பாவுடையது எது என்று அவர் சொல்வார். நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். எதுவானாலும், உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பரிமாறுபவரிடம் இனிப்புநீர் என்று முதல் இரவே சொல்லிவிட்டால் மறுநாள் முதல் கேட்காமலே வைப்பார். ஒரே மேசை, ஒரே ஆள் என்பதன் பலன் இதுதான். அப்பாவின் சட்டைப் பையில் குளுக்கோஸ் மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி வியர்த்தால் ரொட்டிக்குக் காத்திருக்காமல், மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீரோ அரைக் குவளை பழச்சாறோ உடனே கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள்.

மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாது. முனையத்தில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்து சேர இரவு 7 மணி, 8 மணி ஆவது சாதாரணம். ஊசி, மருந்து, சோதனைக் கருவி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும்; அம்மாவுக்கு இரவுக்கு மாற்றுப் புடவை வேண்டுமென்றால் அதுவும்தான். அறையிலுள்ள சின்னக் குளிர்பெட்டி பல கப்பல்களில் பானத்தைச் சில்லென்று வைக்கத்தான் லாயக்கு, மருந்துக்குப் போதாது. மருந்துக்கான குளிர்பெட்டி வேண்டும் என்று பதிவிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது பூக்கெட் நாள். தாய்லாந்துக் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் நான்கு நாளும் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும். சில, முந்தின இரவே கடிகாரத்தைப் பின்னே தள்ளும். தள்ளினால், அன்று கப்பலின் 8 மணி அப்பாவின் உடம்புக்கு 9 மணி. அந்த ஓர் இரவு மட்டும் அப்பாவும் அம்மாவும் கப்பல் நேரப்படி 7 மணிக்கே பஃபேயில் சாப்பிட்டுவிடட்டும், ஊசியும் அதற்கேற்ப. பிறகு 8 மணிக்கு மேசைக்கு வந்து ஏதாவது குடித்துக்கொண்டு உங்களோடு உட்காரலாம். கட்டிய நேரத்தை எடுத்தால் தினமும் போயே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முந்தின இரவே பரிமாறுபவரிடம், ‘நாளைக்குச் சாப்பிடுவது ஆறு பேர்தான்’ என்று சொல்லிவிட்டால் அவருக்கும் உதவி.

கப்பல் நேரத்தை மாற்றாவிட்டால் ஆபத்து வேறு பக்கம். கரையில் இறங்கியதும் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். 4 மணி என்று நீங்கள் பார்ப்பது கப்பலில் 5 மணி. தானாக மாறும் வசதியை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். பூக்கெட்டில் பெரிய கப்பல்கள் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில்தான் ஆட்களை இறக்கி ஏற்றும். திரும்பும் வரிசை மாலையில் நீண்டுவிடும். காலில் மணலோடு 5.15-க்குப் படகிலிருந்து ஏறி, 5.30-க்கு மேசையில் உட்காருவது ஆறு வயதுப் பையனோடு நடக்கிற காரியமா? 8 மணி என்றால் குளித்து, அரை மணி கண்ணயர்ந்து, நிதானமாகப் போகலாம். பினாங்கிலோ கப்பல் சுவெட்டன்ஹாம் துறையிலேயே கட்டும். லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். நாசி கண்டாரையும் செண்டோலையும் ஒரு கை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு 5.30-க்கு என்ன பசி இருக்கப் போகிறது! பினாங்கிலிருந்து கப்பல் இரவில் கிளம்புமா மாலையிலேயே கிளம்புமா என்று அட்டவணையைப் பாருங்கள். இரவு என்றால் அன்று மண்டபத்தையே விட்டுவிட்டு ஊருக்குள் சாப்பிடுவதுதான் எங்கள் யோசனை.

8 மணியில் கஷ்டப்படப் போகிறவன் உங்கள் மகன் ஒருவன்தான். சாப்பாடு முடிய 9.30, 9.45 ஆகும். இரண்டாவது சுற்று வருவதற்குள் அவன் நாற்காலியில் சரிந்துவிடுவான். அவனுக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள்: 6 மணிக்கு பஃபேயில் வயிறாரச் சோறு. 8 மணிக்கு மேசைக்கு வந்தால் அவனுக்கு ஐஸ்கிரீம் மட்டும், அதுவும் நீங்கள் முதல் சுற்றுச் சாப்பிடும்போதே. பிறகு குழந்தைகள் மன்றத்தில் விடலாம். பல கப்பல்களில் அது இரவு 10 மணி வரை இலவசமாக நடக்கிறது. அதற்கு முதல் நாளே அங்கே போய்ப் பதிய வேண்டும். மகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த வயதில் 8 மணி சாப்பாடு சீக்கிரம் என்பார்கள்.

அம்மாவின் சாப்பாட்டைப் பதிவிலேயே எழுத வேண்டும். குறைந்தது ஒன்றரை மாதம் முன்பு. ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் முட்டை வந்துவிடும், பாலாடைக்கட்டிச் சாப்பாடு வந்துவிடும், கோழி எலும்பு கொதித்த நீரில் செய்த சூப்பும் வந்துவிடும். ‘இந்தியச் சைவம், முட்டை வேண்டாம், இறைச்சி மீன் சாறு வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம்’ என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பெரிய கப்பல்களில் இந்தியச் சைவக் குழம்பு ஒன்று தினமும் கிடைக்கும். ருசி வடக்கத்தி ருசி, பனீரும் பருப்பும்தான் மாறி மாறி வரும். ரசம், சாம்பார் எதிர்பார்க்க வேண்டாம். அம்மாவுக்கு ஊறுகாய் இல்லாமல் இறங்காது என்றால், வீட்டு ஊறுகாயைக் கப்பல் அனுமதிக்காமல் போகலாம். கடையில் வாங்கி, உறை பிரிக்காத சின்னப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இருப்பது பிடிக்காவிட்டால், கட்டிய நேரத்தில் ஒரு வழி உண்டு. முதல் இரவு தலைமைப் பரிமாறுபவரைக் கூப்பிட்டு அம்மாவை அறிமுகப்படுத்துங்கள். மறுநாள் பட்டியலை முந்தின இரவே காட்டி, ‘இதில் முட்டை இருக்கிறது, அதற்குப் பதில் இது செய்யட்டுமா?’ என்று கேட்பார். சமையலறைக்கு ஒரு நாள் அவகாசம் கிடைக்கிறது. விரும்பிய நேரத்தில் ஒவ்வோர் இரவும் புது முகம், புது மேசை. குறிப்பு கணினியில் இருந்தாலும் நான்கு இரவும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஓரிரவு சொல்ல மறந்தால் அன்று அம்மாவுக்கு ரொட்டியும் பழமும்தான்.

நிகழ்ச்சிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அரங்கத்தின் பெரிய நிகழ்ச்சியை இரண்டு முறை வைப்பதே இரண்டு பந்திக்காகத்தான்: 5.30 பந்தி சாப்பிட்டு வந்து பார்க்கும், 8 மணிப் பந்தி பார்த்துவிட்டுச் சாப்பிடும். சில இரவுகளில் உங்களுக்கான காட்சி சாப்பாட்டுக்குப் பிறகு, 10 மணிக்கு மேல் இருக்கலாம். அன்று அப்பாவும் அம்மாவும் படுக்கப் போகலாம். முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டிய நிகழ்ச்சிகளைக் கப்பலின் செயலியில் பதியும்போது 7.30-க்கு முடிகிறதா என்று பாருங்கள். 7.45-க்கு முடியும் காட்சியிலிருந்து ஆயிரம் பேரோடு வெளியே வந்து 8 மணிக்கு மேசைக்குப் போவது இழுபறி.

இவ்வளவு சொன்னதால் விரும்பிய நேரம் மோசமான முறை என்று அர்த்தமில்லை. ஒரே மண்டபத்தில் எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்கார வைக்க இடம் போதாமல்தான் கப்பல்களில் இரண்டு பந்தி முறை வந்தது. 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் கம்பெனி அதை உடைத்து, ‘வந்த நேரம் சாப்பிடு’ என்று கொண்டுவந்தது. அந்த ஆண்டுதான் அந்தக் கம்பெனியை நம் கெந்திங் குழுமத்தின் ஸ்டார் குரூசஸ் வாங்கியது. இன்று சில கம்பெனிகளில் கட்டிய நேரம் என்பதே கிடையாது. கணவன் மனைவி இருவர் மட்டும் போகிறீர்கள், இரண்டு மூன்று இரவு காசு கொடுத்துச் சாப்பிடும் தனி உணவகங்களுக்குப் போக ஆசை, தெரியாதவர்களோடு பேச்சுக் கொடுக்கப் பிடிக்காது என்றால் யோசிக்காமல் அதையே எடுக்கலாம். இந்தக் கணக்கு உங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

8 மணி நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள். கையில் எந்த நேரம் கிடைத்திருக்கிறதோ அதை விட்டுவிடாதீர்கள். கப்பலேறிய நாள் மதியம் மண்டபத்துப் பொறுப்பாளர் மாற்றங்களைக் கவனிக்க வாசலில் ஒரு மேசை போட்டு உட்காருவார், பெரும்பாலும் ஒரு மணிக்கு மேல் நான்கு மணிக்குள். எட்டுப் பேரும் போக வேண்டாம். மச்சானை அனுப்புங்கள், மூன்று அறைகளின் அட்டைகளோடு. ‘எட்டுப் பேர், முதியவர் ஒருவருக்கு இன்சுலின், ஒரே மேசை, 8 மணி’ என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். இன்சுலின் என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. அப்படியே மேசை எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவரச் சொல்லுங்கள். சமையலறைக் கதவுக்குப் பக்கம் சத்தம் அதிகம். கப்பலின் பின்கோடியில் ஆட்டமும் அதிர்வும் தெரியும். அன்றே கேட்டால் மாற்றுவார்கள், இரண்டாம் இரவு கேட்டால் கஷ்டம்.

நேரம் கட்டிய பந்தியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது. எட்டுப் பேரில் ஆறு பேர் வந்து இருவர் வராவிட்டால், ‘அவர்கள் வரட்டும்’ என்று நிறுத்தி வைக்காதீர்கள்; வந்தவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு பரிமாறுபவருக்கு உங்கள் மேசை போக இன்னும் இரண்டு மூன்று மேசைகள் உண்டு. எல்லா மேசைக்கும் ஒரே சமயத்தில்தான் சமையலறையில் தட்டு அடுக்குகிறார்கள். அந்தச் சுற்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், அப்பாவும் சேர்ந்து.

சேவைக் கட்டணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. அது பெரும்பாலான கம்பெனிகளில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாக ஏறும். எந்த நேரம் எடுத்தாலும் ஒன்றுதான். ஆறு வயதுக்காரனுக்கும் அது உண்டு என்பதை மட்டும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு 8 மணிப் பந்திக்காரர்களுக்குக் கொஞ்சம் அவசரம். பெட்டிகளைக் குறிப்பிட்ட நேரத்துக்குள், பெரும்பாலும் 10, 11 மணிக்குள், அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். சாப்பாடு முடித்து வந்து அடுக்க நேரமிருக்காது. 7 மணிக்கே அடுக்கிப் பூட்டிவிடுங்கள். அப்பாவின் இன்சுலினும் காலையில் போட வேண்டிய மருந்தும், மறுநாள் உடுத்தும் துணியும், எட்டுக் கடப்பிதழும் அந்தப் பெட்டிகளுக்குள் போய்விடாமல் உங்கள் மனைவியோ தங்கையோ யாராவது ஒருவர் கைப்பையில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.